பேய்க்கு மட்டும் பேச்சுரிமை

பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, நள்ளிரவில் சலங்கை ஒலி என்று வரும் கதைகள்தாம் பெண்ணின் ஆற்றலை முதன்முதலில் துணிந்து சொன்னவை என்றொரு வாதம் இப்போது மேடைதோறும் ஒலிக்கிறது. 2024 மே மாதம் 'அரண்மனை 4' வெளியாகி நன்றாக ஓடியதும் அதற்குச் சூடு ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'மணிச்சித்ரத்தாழ்' புதுப்பொலிவோடு மறுபடியும் திரையரங்குக்கு வந்தது. வாதத்துக்குச் சான்றும் கிடைத்துவிட்டது. நெய்வேலிக் கூட்டங்களிலும் இதைக் கேட்கிறோம். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் 'ஜேன் அய்ர்' நாவலின் மாடியறையில் தொடங்குகிறார்கள், சினிமா பார்த்தவர்கள் வேட்டையபுரம் அரண்மனையில் தொடங்குகிறார்கள். எங்கே தொடங்கினாலும் வந்து சேரும் முடிவு ஒன்றே: பேயாக வரும் பெண் அடக்குமுறைக்கு எதிரான பெண், அவளுடைய ஆவேசம் விடுதலையின் ஆவேசம்.

அந்த மாடியறையின் பெர்த்தா மேசனும் அந்த அரண்மனையின் சந்திரமுகியும் ஒரே குடும்பத்துப் பெண்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பாழ்மாளிகை அச்சக் கதையான கோதிக் நாவலின் கட்டுமானம் அப்படியே நம் பேய்ப்படங்களுக்குள் குடிவந்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுமானம் பெண்ணை விடுவிக்கிறது என்ற முடிவு தவறானது. அது இளம் வாசகர்களிடம் உண்மையாகப் போய்ச் சேர்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

கொடுக்க வேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடலாம். 1764இல் ஹொரேஸ் வால்போல் தொடங்கிவைத்த இந்த வகையை வளர்த்தவர்களில் பெண்களே முன்வரிசையில் நிற்கிறார்கள். ஆன் ராட்கிளிஃபின் 'உடால்ஃபோவின் மர்மங்கள்' 1794இல் வந்தது. 1818இல் மேரி ஷெல்லியும் 1847இல் சார்லட் பிராண்டியும் எழுதினார்கள். வீடு பெண்ணுக்குப் பாதுகாப்பான இடம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஆபத்து வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்று இவர்கள் காட்டினார்கள். ராட்கிளிஃபின் கதையில் மான்டோனி தன் மனைவியை அடைத்துவைப்பது அவளுடைய நிலபுலன்களைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காக. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் சட்டங்கள் வந்தது 1870, 1882 ஆகிய ஆண்டுகளில்தான். நாவலாசிரியை முக்கால் நூற்றாண்டு முந்திக்கொண்டார். நம் பக்கத்திலும் ஆதாயம் உண்டு. வழக்கமான மரத்தைச் சுற்றும் வேடங்களுக்கு நடுவே நடிகையரின் முழுத் திறனையும் கேட்ட பாத்திரங்கள் இந்த வகையில்தான் கிடைத்தன. 'மணிச்சித்ரத்தாழ்' ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. 'சந்திரமுகி'யில் ஜோதிகாவின் கண்கள் இன்றும் பேசப்படுகின்றன. இவையெல்லாம் உண்மை.

என் மறுப்பு ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதைகளில் கோபப்படுகிற பெண் யார்? அந்த வீட்டில் உயிரோடு நடமாடுகிற பெண் கோபப்படுவதே இல்லை. அவள் காப்பி கொடுக்கிறாள், பயப்படுகிறாள், மயங்கி விழுகிறாள். கோபம் முழுவதும் செத்துப்போன இன்னொருத்தியின் பங்காக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. உயிரோடு இருப்பவளின் உடம்பை அந்தக் கோபம் கொஞ்ச நேரம் இரவல் வாங்குகிறது. பிறகு அதை விரட்டிவிட்டு உடம்பை உரியவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். உரியவர் என்று கதை கருதுவது அவளை அல்ல, அவள் கணவனை.

இது போகிற போக்கில் நேர்ந்த குறை என்று தள்ள முடியாது. ஒரே கதையின் நான்கு வடிவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும். 1993இல் ஃபாசில் மலையாளத்தில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்' படத்தில் மாடம்பள்ளி வீட்டின் பூட்டிய அறைக்குள் இருப்பவள் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. அவள் வெளிப்படும்போது பேசுவது தமிழ். 2004இல் பி. வாசு கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எடுத்தபோது அவள் தெலுங்கு பேசினாள். மறு ஆண்டு அவரே தமிழில் 'சந்திரமுகி' எடுத்தார். கதையை இன்னொரு ஊருக்குக் கொண்டுவந்தார், பெயரை மாற்றினார், ஆனால் ஆடுகிறவளைத் தெலுங்குக்காரியாகவே வைத்துக்கொண்டார். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த வடிவத்தில் அவள் வங்காளி. நான்கு மொழி, நான்கு வீடு. நான்கிலும் ஆத்திரம் கொள்கிறவள் பக்கத்து மாநிலத்துக்காரியோ தூரத்து மாநிலத்துக்காரியோதான். எந்த வீட்டிலும் அந்த வீட்டு மொழியில் ஒரு பெண் கத்துவதில்லை.

ஆங்கில மூலத்திலும் இதேதான். 'ஜேன் அய்ர்' நாவலில் தோர்ன்ஃபீல்டு மாளிகையின் மேல்மாடியில் அடைக்கப்பட்டிருக்கும் பெர்த்தா ஜமைக்காவிலிருந்து வந்தவள். கணவன் ரோச்செஸ்டர் அவளை மணந்தபோது முப்பதாயிரம் பவுன் கைக்கு வந்தது. அந்தப் பெரிய நாவலில் அவள் வாயிலிருந்து நேராக ஒரு வாக்கியம்கூட நம் காதில் விழாது. சிரிக்கிறாள், உறுமுகிறாள், கடிக்கிறாள், தீ வைக்கிறாள். அவள் சொன்னதாக ஏதாவது தெரிய வேண்டுமென்றால் ஓர் ஆண் எடுத்துச் சொல்ல வேண்டும். லெ ஃபானுவின் 'கார்மில்லா'விலும் (1872) ஆபத்து வண்டியேறி வெளியிலிருந்துதான் வருகிறது, அழகான அந்நியப் பெண்ணின் உருவில். நம் வீட்டுப் பெண்கள் அப்படியெல்லாம் இல்லை, வெளியிலிருந்து வந்தவள் பிடித்துக்கொண்டாள் என்று குடும்பம் தன்னைத் தேற்றிக்கொள்ள இந்த ஏற்பாடு உதவுகிறது. வாசகரும் பார்வையாளரும் அதே தேறுதலோடு வீடு திரும்புகிறார்கள்.

நெய்வேலியில் வாழ்கிறவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்க வேண்டும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, மறு ஆண்டு சுரங்கப் பணிக்கு நேரு வந்து தொடக்க விழா நடத்தியதிலிருந்து இந்த நகரியத்துக்குப் பல மாநிலத்தார் பிழைக்க வந்திருக்கிறார்கள். ஒரே வட்டத்தில், ஒரே வரிசைக் குவார்ட்டர்ஸில், தமிழர் வீட்டை அடுத்துத் தெலுங்கர் வீடு, அதை அடுத்து மலையாளி வீடு. ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்துக்கொண்டு, விஷுவுக்கும் யுகாதிக்கும் பொங்கலுக்கும் பாத்திரம் மாற்றிக்கொண்டு வளர்ந்த ஊர் இது. இங்கே ஒரு தெலுங்குப் பெண் 'சந்திரமுகி' பார்க்கும்போது, தன் பிள்ளையைத் தாலாட்டிய மொழி அந்த அரங்கத்தில் பேயின் மொழியாக ஒலிக்கிறது. நம் தமிழ்ப் பெண் மலையாளப் படத்தைப் பார்த்தால் அவளுக்கும் அதே கதி. எல்லைக்கு அப்பால் நின்று பார்த்தால் நாம் எல்லோருமே அடுத்த வீட்டுப் பேய்தான். ஒவ்வொரு மொழியும் தன் பெண்களின் கோபத்தை இன்னொரு மொழியின் தலையில் கட்டிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இதைப் பெண்ணின் ஆற்றல் என்று கொண்டாடச் சொல்கிறார்கள்.

மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும் வழியில் நடந்த இன்னொரு மாற்றத்தைப் பற்றி இந்த வாதத்தின் ஆதரவாளர்கள் பேசிக் கேட்டதில்லை. மலையாளத்தில் நாகவல்லி பழிவாங்கத் துடிப்பது சங்கரன் தம்பியை. அவள் கண்ணுக்குச் சங்கரன் தம்பியாகத் தெரிவது கணவன் நகுலன். மனைவியின் ஆத்திரம் கணவனை நோக்கித்தான் நீளுகிறது. பேய் வேடம் போட்டாவது ஒரு பெண் தன் கணவனைக் கொல்ல விரும்புகிறாள் என்று சொல்ல அந்தத் திரைக்கதைக்குத் துணிவு இருந்தது. மதுமுட்டத்தின் எழுத்தில் அவளுடைய தனிமையான சிறுவயதும் காரணமாக விரிகிறது. தமிழில் என்ன ஆயிற்று? வேட்டையனாக அவள் முன் வந்து நிற்பவர் கணவன் செந்தில்நாதன் இல்லை. மருத்துவராக வந்த சரவணன். நாயகன் ரஜினிகாந்த் என்பதால் கடைசிக் காட்சி அவருக்குப் போக வேண்டியிருந்தது, போயிற்று. ஆனால் அதோடு போனது அந்தக் கதையின் உயிர். திருமணத்துக்குள் இருந்த கொதிப்பு திருமணத்துக்கு வெளியே எடுத்துவைக்கப்பட்டது. கணவன் பாவம், மனைவி பாவம், குற்றம் நூறாண்டுக்கு முன் செத்த ராஜாவுடையது. இந்த வடிவத்தைத்தான் நம் மேடைகள் பெண்ணியப் படம் என்கின்றன.

குணப்படுத்தும் விதத்தையும் பாருங்கள். மனைவி கங்காவுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. அவளுக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. அவள் உடம்பை என்ன செய்வது என்று கணவனும் மருத்துவரும் மாந்திரீகரும் கலந்து பேசுகிறார்கள். பொம்மை ஒன்றை மாற்றிவைத்து, பழி தீர்ந்துவிட்டது என்று அவளை நம்பவைக்கிறார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்தக் கதை கடைசியாகக் கொடுக்கிற நீதி ஓர் ஏமாற்று வித்தை. அவள் எரித்தது பொம்மையை. விழித்தெழுபவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. ஆத்திரமும் போயிற்று, ஆத்திரத்தின் காரணமும் போயிற்று, அன்பான மனைவி மட்டும் மிச்சம். அதற்கு முன்னால் சந்தேகம் விழுந்ததும் வீட்டிலிருந்த வேறொரு இளம்பெண்மேல்தான்.

'டிராகுலா'வில் (1897) லூசிக்கு நடப்பது இதைவிடக் கொடியது. ஒரே நாளில் மூன்று பேர் அவளை மணக்கக் கேட்கிறார்கள். மூவரையும் மணந்தால் என்ன என்று ஒரு கடிதத்தில் விளையாட்டாக எழுதுகிறாள். ரத்தக்காட்டேரி ஆகிவிட்ட அவளுடைய நெஞ்சில் கட்டையை அடிக்கும் பொறுப்பு அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளைக்கே தரப்படுகிறது. மற்ற ஆண்கள் சுற்றி நின்று பிரார்த்தனை வாசிக்கிறார்கள். அதன்பின் அவள் முகத்தில் பழைய தூய்மை திரும்பிவிட்டதாகக் கதை நிம்மதி கொள்கிறது.

கதைதானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நெய்வேலியும் அடங்கியிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இசபெல் நபோகோவ் என்ற மானிடவியலாளர் கள ஆய்வு செய்து எழுதிய நூல் 2000இல் வெளிவந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பக்கம் நடக்கும் பேயோட்டுதலை அவர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் கண்டவரை பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்படுகிறவர்களில் மிகுதியானவர்கள் புதிதாக மணமான பெண்கள். புருஷன் வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஓடிவந்தவர்கள், கணவனைத் தொடவிடாதவர்கள். பிடித்ததாகச் சொல்லப்படும் பேய், காதல் கைகூடாமல் தற்கொலை செய்துகொண்ட ஏதோ ஓர் ஆண். உடுக்கையடித்துப் பேயைப் பேசவைப்பார்கள். பேய் தன் பெயரைச் சொல்லி, எங்கே பிடித்தேன் என்று சொல்லி, போய்விடுகிறேன் என்று சத்தியம் செய்யும். பிறகு அந்தப் பெண்ணின் முடிக்கற்றை ஒன்றை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பார்கள். பெண் கணவனோடு வீடு திரும்புவாள்.

பேயாட்டம் அடக்கப்பட்டவர்களின் மறைமுக ஆயுதம் என்று 1971இல் ஐ. எம். லூயிஸ் வாதிட்டார். நம் மேடைப் பேச்சுகளின் மூலம் அங்கேதான் இருக்கிறது. நபோகோவ் அதை ஏற்கவில்லை. அந்தச் சடங்கில் பெண் தன் குறையைச் சொல்ல இடமில்லை. முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரு வாக்குமூலம் அவள் வாயில் திணிக்கப்படுகிறது என்று அவர் காட்டுகிறார். எனக்கு ஏன் என்கிற கேள்விதான் முக்கியம். "ஏனம்மா அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறாய்?" என்று யாராவது அவளிடம் கேட்டார்களா? அவளிடம் கேட்கவே இல்லை. பேயிடம் கேட்டார்கள். அவள் மாமியார் அடித்திருக்கலாம், அவள் கணவன் குடித்துவிட்டு வந்திருக்கலாம், அவளுக்கு அந்தக் கல்யாணமே வேண்டாமாக இருந்திருக்கலாம். எதுவும் வெளியே வராது. பேய் பதில் சொல்லிவிட்டதால் வழக்கு முடிந்தது. 'சந்திரமுகி'யின் கடைசிக் காட்சி இந்தச் சடங்கைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்து, பின்னணி இசை சேர்த்து, மனநல மருத்துவம் என்று பெயர் சூட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இதற்கு ஒரு மறுமொழி தயாராக இருக்கிறது. பெர்த்தா என்பவள் தனி மனுஷி இல்லை, நாவலின் நாயகி ஜேனின் மறைந்த மறுபாதி. ஜேன் வெளியே காட்ட முடியாத கோபத்தை அவள் காட்டுகிறாள் என்பார்கள். சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் குபாரும் 1979இல் எழுதிய புகழ்பெற்ற நூலிலிருந்து வந்த விளக்கம் இது. அறிவார்ந்த விளக்கம்தான். ஆனாலும் ஒரு கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. மறுபாதி என்றால், அந்தப் பாதி ஏன் சாக வேண்டும்? ஜேன் சிறுமியாக இருந்தபோது கேட்ஸ்ஹெட் வீட்டில் அத்தையை எதிர்த்துத் தன் சொந்த வாயால், தன் சொந்த மொழியில் பேசினாள். கோதிக் வகையிலேயே எனக்கு மிகப் பிடித்த பக்கங்கள் அவை. விதிவிலக்கு என்றே ஒப்புக்கொள்கிறேன். வளர்ந்த ஜேனுக்கு அந்தக் குரல் எங்கே போயிற்று? சித்தப்பா விட்டுச்சென்ற இருபதாயிரம் பவுனை உறவினர் மூவரோடு சமமாகப் பகிர்ந்துகொண்டு சொந்தக் காலில் நிற்கிறாள், நியாயம். ஆனால் அவள் ரோச்செஸ்டரிடம் திரும்பி வந்து சேர்வதற்கு முன் அவன் முதல் மனைவி தன்னைத்தானே அழித்துக்கொண்டு வழிவிட வேண்டியிருக்கிறது. முதல் மனைவியை அடைத்துவைத்தது சரியா என்று ஜேன் உரத்துக் கேட்பதே இல்லை. ஒரு பெண்ணின் இல்வாழ்க்கை இன்னொரு பெண்ணின் சாம்பல்மேல் எழுகிறது. அதை மறுபாதி என்று பெயரிட்டு மங்களமாக்குவது திறனாய்வாளரின் கடமை இல்லை.

'ரெபெக்கா' (1938) இன்னும் ஒருபடி மேலே போகிறது. கதை சொல்லும் இளம் மனைவிக்கு நாவல் முழுவதும் பெயரே கிடையாது. பெயர் உடையவள் செத்தவள். அவளைக் கொன்றவன் கணவன் என்று தெரிந்த பிறகும் புது மனைவி மகிழ்கிறாள், அவன் ரெபெக்காவை நேசிக்கவில்லை என்பதால். டாஃப்னி டு மாரியே பெண். கைதேர்ந்த கலைஞர். இந்த மகிழ்ச்சி அருவருப்பானது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதை அறிஞர்கள் விவாதிக்கட்டும். வாசகரை அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ளவைத்துவிட்டார் என்பதே எனக்கு முக்கியம். ஹிட்ச்காக் 1940இல் படமாக்கியபோது ஹாலிவுட் தணிக்கை விதிகளுக்காக அந்தக் கொலையை விபத்தாக்கினார். கொலைகாரக் கணவனை மன்னிக்க ரசிகர்களுக்கு இருந்த சிறிய தயக்கமும் அதோடு தீர்ந்தது.

தமிழ்த் திரையின் பழைய படங்களும் வேறு வழி காட்டவில்லை. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) ஒளியும் நிழலும் கொண்டு எழுப்பிய அச்சம் இன்றும் மங்கவில்லை. அதில் ஜமீன்தாரின் துப்பாக்கிக்குப் பலியாகிறவள் ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண். மறுபிறவியில் நினைவு திரும்பி, அந்தக் கதையை நமக்குச் சொல்கிறவன் ஆண். தன் சாவை நினைத்துப் பார்க்கும் உரிமைகூட அவளுக்கு இல்லை. 'யார் நீ?' (1966) படத்தில் மழையில் வெள்ளைச் சேலையோடு நிற்கிறவள் பேயே அல்ல, சொத்துக்காக நடக்கும் நாடகத்தின் கருவி.

பெண்ணின் கோபத்தை எழுத அச்சக் கதைதான் ஒரே வழி என்று ஒருவர் சொன்னால், தமிழ் வாசகர் அதை எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்? நம்மிடம் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். கண்ணகி உயிரோடு, தலைவிரி கோலமாக, பாண்டியன் அவைக்குள் போய், சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று சான்று வைத்து வழக்காடி வென்றாள். அரசனே தன்னைக் குற்றவாளி என்று சொல்லும்படி வாதாடினாள். பௌத்தக் காப்பியமான குண்டலகேசியின் தலைவி, நகைக்காகத் தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளத் திட்டமிட்ட கணவனைத் தானே முந்திக்கொண்டு தள்ளிவிட்டாள். பிறகு துறவியாகி ஊர் ஊராகச் சென்று வாதம் செய்தாள். அந்தக் காப்பியத்தில் சில பாடல்களே நமக்கு எஞ்சியிருக்கின்றன என்பது நம் இழப்பு.

நீலியை எடுத்துக்கொள்வோம். பழையனூர் நீலி கதை நமக்கெல்லாம் தெரியும். கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் அவனைத் துரத்திவந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டுப் பழி தீர்த்தாள். அந்தக் கதை இன்று எதற்காக நினைவில் இருக்கிறது? சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்கிய எழுபது வேளாளரின் வாய்மைக்காக. அவள் கொல்லப்பட்டது முன்கதையாகிவிட்டது. ஆனால் பெயர் தெரியாத சமணப் புலவர் ஒருவர் அதே நீலியை எடுத்து நீலகேசி என்ற காப்பியத்தைப் பாடினார். அதில் அவள் முனிச்சந்திர முனிவரை அச்சுறுத்த வந்து, அச்சுறுத்த முடியாமல், அவரிடம் அறம் கேட்டுத் தெளிகிறாள். பிறகு அவையில் ஏறுகிறாள். பௌத்தரோடு, ஆசீவகரோடு, சாங்கியரோடு, வைசேடிகரோடு, வேதவாதியோடு, பூதவாதியோடு ஒவ்வொருவராக வாதம் செய்து வெல்கிறாள். அவளை யாரும் ஆணியடித்து மரத்தில் கட்டவில்லை. விரட்டவில்லை. உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். சமயப் பிரசாரம்தான் நோக்கம் என்பது உண்மை. ஆனாலும் பேய்மகளுக்கு அறிவு உண்டு, தர்க்கம் உண்டு, மாறும் உரிமை உண்டு என்று ஒரு தமிழ்ப் புலவரால் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எண்ண முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் திரைக்கதையால் முடியவில்லை.

ஆங்கிலத்திலும் இதைச் செய்ய ஒருவர் வந்தார். கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் பெர்த்தாவின் முன்கதையை நாவலாக்கினார். அவளுக்கு அன்ட்வானெட் என்று அவளுடைய சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். பெர்த்தா என்பது கணவன் சூட்டிய பெயர் ஆயிற்று. அவளுடைய தோட்டம், அவளுடைய தாய், அவளுடைய பயம் எல்லாவற்றையும் அவள் வாயாலேயே சொல்லவைத்தார். அந்த ஒரு நாவலைப் படித்த பிறகு தோர்ன்ஃபீல்டின் மாடிப்படிகளைப் பழைய நிம்மதியோடு ஏற முடியாது. அது பிராண்டிக்குச் செய்த அவமதிப்பு இல்லை; பிராண்டி பாதியில் விட்டதை முடித்துவைத்தது.

மாளிகை வேண்டும் என்பதே ஒரு மயக்கம். அச்சத்தைத் தொலைவில், பழங்காலத்தில், ராஜா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் நம் வீடு தப்பித்துக்கொள்கிறது. நெய்வேலி நகரியத்தில் பாழடைந்த அரண்மனை கிடையாது. நூறு வயதான வீடே கிடையாது. குவார்ட்டர்ஸ் பணியாளர் பெயரில் ஒதுக்கப்படுகிறது. பெரும்பாலும் அது ஆணின் பெயர். முப்பது ஆண்டு அந்த அடுப்படியில் நின்றவள், வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து வளர்த்தவள், அவர் ஓய்வு பெறும் நாளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்ட கிராமங்களிலும் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில்தான் இருந்தது. தான் நாற்று நட்ட வயலைப் பற்றிய பேச்சில் அவளுக்கு நாற்காலி போடப்படவில்லை. ராட்கிளிஃப் எழுப்பிய சொத்துக் கேள்வி இங்கே உயிரோடு இருக்கிறது. சந்திரமுகி அறையின் பூட்டில் இல்லை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை மறுபடி படித்துப் பாருங்கள். 1988இல் அதே பெயர்கொண்ட தொகுப்பில் வந்தது. அஜ்மீரில் ஒரு பெரிய குடும்பம், ஒரு பெரிய வீடு, மூலையில் வெளிச்சமில்லாத சமையலறை. கோதிக் நாவலுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. வீட்டை ஆளும் மாமனார் இருக்கிறார். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அடைந்துகிடக்கும் அறை இருக்கிறது. பேய் மட்டும் இல்லை. பேய் இல்லாததால் பேசியாக வேண்டிய பொறுப்பு மனுஷிகள் மேல் விழுகிறது. மருமகள் நோயாளி மாமியாரின் படுக்கையருகே உட்கார்ந்து பேசுகிறாள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து, உயிரோடு இருக்கும்போதே. நூறு சந்திரமுகிகள் தராத நடுக்கத்தை அந்தப் பேச்சு எனக்குத் தருகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. கோதிக் மரபு பெண்ணின் துயரத்தைக் கண்டுபிடித்தது. அதற்காக அதைப் படிக்க வேண்டும். கண்டுபிடித்த துயரத்தைச் செத்தவளின் பெயரில் எழுதிவைத்து உயிரோடு இருப்பவளின் வாயைப் பூட்டியது; அதற்காக அதை மறுக்க வேண்டும். அந்தப் பூட்டைப் பெண் விடுதலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

எழுத வருகிற இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1998 முதல் இந்த ஊரில் நடந்துவரும் புத்தகக் கண்காட்சியை ஒட்டிச் சிறுகதைப் போட்டியும் குறும்படப் போட்டியும் நடந்துவருகின்றன. அவற்றுக்குப் பேய்க்கதை எழுதக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதுங்கள். ஆனால் உங்கள் கதையில் கோபப்படப் போகிறவள் யார் என்று எழுதும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் அந்த வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும், அந்த வீட்டு மொழியில் பேசட்டும், பேசி முடிக்கும் வரை உயிரோடு இருக்கட்டும். பேசிய பிறகு அவள் பேசியதை அவளே மறந்துபோகும்படி செய்யாதீர்கள்.